மூத்தவளுக்கு ஒரு தட்டு

மொன்றியல்,
3 பிப்ரவரி 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரசவம் முடியும்வரை நீ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்பதாக தங்கை ஜெஸுலா சொல்லி அனுப்பியிருந்தாள். இனி அணைத்துவிடலாம். ஜனவரி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை காலை ஆண் பிள்ளை பிறந்தான். தியோ என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் சுகமாக இருக்கிறேன். அவன் மூக்கு மட்டும் உன்னுடையது. ஆண் பிள்ளைதானே, சமாளித்துக்கொள்வான்.

ஃப்ரித்ஸ் இரண்டு வாரம் வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தார். சோறும் கருப்பு அவரையும் அவர்தான் சமைத்தார். தின்றோம், அவ்வளவுதான் சொல்ல முடியும். வெளியே பனி ஜன்னல் பாதி வரை ஏறிக் கிடக்கிறது.

சபீனைப் பற்றித்தான் எழுத வந்தேன். வருகிற மே மாதம் அவளுக்கு ஆறு வயது. தம்பி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. தன் துணியைத் தானே மடித்து வைக்கிறாள். கோயிலில் நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும், “எவ்ளோ சமத்துப் பொண்ணு! ஒனக்கென்ன கவலை மிமோஸ்?” என்கிறார்கள். எனக்கானால் அதுதான் கவலை. போன செவ்வாய்க்கிழமை பார்க்கிறேன், கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பள்ளிக்கூடப் பை. திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு கவுன்.

“எங்கடி கெளம்பிட்டே?”

“பெரியம்மா வீட்டுக்கு.”

“எந்தப் பெரியம்மா?”

“தெரியல. நீதான் சொல்லணும். சின்னப் பிள்ளைங்க வந்தா பெரியவங்க போகணும்ல? நீ போனேல்ல?”

எட்டு வயதில் கரி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து லாரியில் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போன கதையை அவளுக்கு ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஊசி போடும் இடத்தில் இருக்கிற நர்ஸிடம் இதைச் சொன்னேன். ஒரு தாள் கொடுத்தாள். மூத்த பிள்ளையோடு தினமும் கால் மணி நேரம் தனியாக உட்கார வேண்டுமாம். கைக்குழந்தை கூடாது, வேலை கூடாது. அவளிடம் மட்டுமே இருப்பது என்ன என்று கண்டுபிடித்து அதைச் சொல்ல வேண்டுமாம். செய்கிறேன். சபீன் எதிரில் உட்கார்ந்து, விருந்துக்கு வந்தவளைப் போல மரியாதையாகப் பார்க்கிறாள்.

அம்மா, ரெனோலும் வில்னேரும் பிறந்தபோது எனக்கு நாலு வயது. ஒரே பிரசவத்தில் இரண்டு தம்பிகள். அப்போது நீ என்னை என்ன செய்தாய்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் மிமோஸ்

*

லா ரோஷ், ஜக்மெல்,
9 மார்ச் 1997

என் மூத்தவளே,

கடவுளுக்கு நன்றி, அவர் அம்மாவுக்கும் நன்றி. மெழுகுவர்த்தியை நான் அணைக்கவில்லை. உன் கடிதம் வந்து சேர்வதற்குள் அதுவே உருகித் தீர்ந்துவிட்டது. மூக்கைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த மூக்குக்காகத்தான் உன் அப்பா மூன்று வருஷம் என் பின்னால் அலைந்தார். தியோவுக்கு ஒரு குறையும் வராது.

கால் மணி நேரமா? கடிகாரம் பார்த்தா? ஜெஸுலாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் குடித்த காப்பி அவள் மூக்கால் வந்துவிட்டது. அந்த நர்ஸம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுது.

இங்கே எல்லாரும் நலம். ரெனோல் படகு கட்டும் பட்டறையில் இப்போது பெரிய கை. அங்கே தலைமை ஆசாரி இவனைக் கேட்காமல் பலகை அறுப்பதில்லை. ஜெஸுலாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரட்டையருக்கு அடுத்துப் பிறந்தவள் இரட்டையரைவிடப் பலசாலி என்று இந்த ஊரே நம்புகிறது. அவள் கை பட்ட விதையைத்தான் விதைப்பேன் என்று வந்து நிற்கிறார்கள். அவளுக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. பாத்திரம் கழுவச் சொன்னால் கையை மட்டும் காட்டுகிறாள்.

உன்னை என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறாய். இரட்டையர் இருக்கிற வீடு எப்படி என்று உனக்குத் தெரியாதா? ஒருவனுக்கு என்னவோ மற்றவனுக்கும் அதுவே. சட்டை, மீன் துண்டு, முத்தம், எல்லாம் சமம். எதுவும் அவர்களுக்குத்தான் முதலில். கூடக் குறைந்தால் அவர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் ஆளையே கொண்டுபோய்விடும், எந்த வீடும் தாங்காது. நான் அந்தப் பயத்திலேயே நாலு வருஷம் நடந்தேன். உன்னை ஒன்றும் செய்யவில்லை மகளே. நீதான் பெரியவளாயிற்றே. நாலு வயதில் தண்ணீர் தூக்கினாய், சின்ன வாளிதான். “இரு” என்று சொன்னால் இருப்பாய். அழமாட்டாய். உன்னைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை. ஒரு தாய் இதைவிடப் பெரிதாகப் பிள்ளையைப் புகழ முடியுமா?

சபீனுக்கு வேலை கொடு. கை வேலையாக இருந்தால் கண்ட யோசனையும் வராது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா செலியானா

*

மொன்றியல்,
20 ஏப்ரல் 1997

அன்புள்ள அம்மா,

நீ சொன்னபடி வேலை கொடுத்தேன். தம்பியின் துணி மடித்தாள், பால் புட்டி கழுவினாள், எல்லாம் சுத்தமாகச் செய்தாள். போன வாரம் தற்செயலாக அவள் கையைத் தொட்டால் நெருப்பாய்ச் சுடுகிறது. காலையிலிருந்தே காய்ச்சலாம்.

“ஏன்டி சொல்லல?”

“தம்பி பால் குடிச்சிட்டிருந்தான். அப்புறம் தூங்கினான். அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

அன்று முழுக்க அவளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தோன்றியது, இருபத்துநாலு வருஷமாகக் கேட்காததை உன்னிடம் கேட்டுவிட வேண்டும் என்று. தொலைபேசியில் கேட்க முடியாது. ஜக்மெல் தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் நம் கதைக்குத் தலையாட்டுவார்கள்.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள். எனக்கு எட்டு வயது. நீ இரட்டையருக்குப் படையல் வைத்தாய். இரண்டு கிண்ணம் ஒட்டிய அந்த மண் பாத்திரத்தில் சோறு, அவரை, வறுத்த வாழைக்காய், மேலே கரும்புப்பாகு மிட்டாய். தெருப் பிள்ளைகளைக் கூப்பிடக் கிளம்பினவள் பாத்திரத்தை என் கையில் கொடுத்தாய். “புடிச்சிட்டு நில்லு. கீழ வெக்காதே. வாய் வெச்சிடாதே” என்றாய்.

விடிந்ததிலிருந்து தண்ணீர் தூக்கினவள் நான். அவரையைக் கிளறினவள் நான். கை வலித்தது, பசித்தது. ஆனால் பசி மட்டும் இல்லை. ஒரு பானையின் முதல் கவளம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது அம்மா. அது ஒருநாளும் எனக்கு வந்ததில்லை. ஒரு வாய் எடுத்தேன். இடது கிண்ணம், வில்னேருடையது. நிமிர்ந்தால் நீ வாசலில் நிற்கிறாய்.

நீ அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். பிள்ளைகள் தின்று முடித்ததும், வழக்கப்படி ஒவ்வொருவர் முன்னும் குனிந்து, “வயிறு நெறஞ்சுதா? மனசு நெறஞ்சுதா?” என்று கேட்டாய். என்னைத் தாண்டிப் போய்விட்டாய். சரியாக ஆறு வாரத்தில் வில்னேருக்குக் காய்ச்சல் கண்டது. நாலே நாளில் போய்விட்டான். அடக்கம் முடிந்த அதே வாரம் என்னைக் கரி லாரியில் ஏற்றினாய்.

எனக்கு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. “வில்னேர் இறந்தது உன்னால் இல்லை.” அவ்வளவுதான். பத்து வருஷமாக நோயாளிகள் நடுவில் வேலை செய்கிறேன். மலேரியா கொசுவால் வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? சபீன் சாப்பாட்டு மேசையில் முதலில் கை நீட்டினால் என் கை தானாகப் போய்த் தடுக்கிறது. பயத்தில் தடுக்கிறது. நீ சொன்னால் அது நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

காத்திருக்கும்,
மிமோஸ்

*

லா ரோஷ்,
15 ஜூன் 1997

என் மகளுக்கு,

சபீனுக்குக் காய்ச்சல் விட்டதா? எலுமிச்சை இலையைக் கொதிக்க வைத்துக் கொடு. அங்கே கிடைக்காவிட்டால் சொல், காயவைத்து அனுப்புகிறேன்.

மழை விட்டபாடில்லை. சமையல் கொட்டகையின் கூரைத் தகரம் ஒன்று பறந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கழுதையின் மேல் விழுந்தது. கழுதைக்கு ஒன்றும் இல்லை, கழுதைக்காரன்தான் கத்தினான். மாம்பழம் இந்த வருஷம் தின்பாரற்றுக் கிடக்கிறது. ரெனோலுக்குப் பெண் பார்த்தாயிற்று. மர்லேன் என்று பெயர், தையல்காரரின் மகள், அமைதியான பெண். ஆகஸ்டில் கல்யாணம். நீ வர முடியாது என்று தெரியும், இருந்தாலும் எழுத வேண்டியது முறை.

நீ கேட்டிருந்த அந்த விஷயம் வேண்டாமே. ஆறிப்போனதைக் கிளறி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

அம்மா

*

மொன்றியல்,
2 ஜூலை 1997

அம்மா,

எனக்கு ஆறவில்லை. கூரை, கழுதை, கல்யாணம் எதுவும் வேண்டாம். அந்த ஒரு வரி போதும்.

மிமோஸ்

*

லா ரோஷ்,
8 செப்டம்பர் 1997

மிமோஸ்,

மூன்று தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். ரெனோல் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் நான் கல்யாணத்தில் இல்லை, உன் கடிதத்தில்தான் இருந்தேன். ஜெஸுலாகூடக் கேட்டாள், “ஏம்மா, எழவு வீட்ல ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருக்கே?” என்று.

ஆன்செல்ம் சாமியாரிடம் போனேன்.

“எழுதிடுங்கம்மா. ஒரு வரிதானே? பொண்ணு நிம்மதியா இருப்பா” என்றார்.

“நம்பாம எப்படி சாமி எழுதறது?”

“நம்பாட்டியும் எழுதுங்க.”

அவருக்கென்ன, பாவமன்னிப்புக் கூண்டு பக்கத்திலேயே இருக்கிறது, பொய் சொன்னாலும் நாலு எட்டு எடுத்து வைத்தால் போதும். நான் உனக்குப் பொய் எழுத மாட்டேன். உனக்கு வேறு எதைக் கொடுத்தேனோ இல்லையோ, பொய் கொடுத்ததில்லை.

நீ வாய் வைத்தாய். ஒரு கிண்ணத்தில் மட்டும் வைத்தாய். அந்தக் கிண்ணத்துப் பிள்ளைதான் போனான். கொசு என்கிறாய். இரண்டு பேரும் ஒரே பாயில், ஒரே போர்வையில் படுத்தவர்கள். கொசுவுக்கு வலது இடது தெரியுமா? ஏன் அவன் மட்டும்? உன் ஆஸ்பத்திரியில் யாராவது இதற்குப் பதில் வைத்திருந்தால் எழுது, உடனே நீ கேட்ட வரியை எழுதிவிடுகிறேன்.

உன்னை ஏன் அனுப்பினேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உன் கையால் எடுத்து வைத்த சோறு எனக்கு இறங்கவில்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயில் கவளத்தோடு நிற்கிற உன்னைத்தான் பார்த்தேன். ஒருவன் போய்விட்டான், இன்னொருவனையும் அந்தக் கோபம் கொண்டுபோய்விடுமோ என்று பயந்தேன். நீ கண் முன்னால் இருந்தால் என் வாய் ஏதாவது சொல்லிவிடும், அதைக் கேட்டபின் நீ பிழைக்க மாட்டாய் என்றும் பயந்தேன்.

ஆனால் நீ குழந்தை. உன்னை நான் மன்னித்துவிட்டேன். இன்று நேற்று இல்லை, அந்த வருஷம் ஈஸ்டர் அன்றே, பூசை முடிவதற்குள் மன்னித்துவிட்டேன். அதை உனக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு. இதோ சொல்லிவிட்டேன். இனி நிம்மதியாக உன் பிள்ளைகளைப் பார்.

உன்னை மறக்காத,
அம்மா

*

மொன்றியல்,
12 அக்டோபர் 1997

அம்மா,

பொய் எழுதாததற்கு நன்றி. இதைக் குத்தலாகச் சொல்லவில்லை.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். சபீன் பக்கத்தில் வந்து, “பாட்டி என்ன எழுதியிருக்காங்க? எனக்கும் படிச்சுக் காட்டு” என்றாள். எந்த வரியைப் படிப்பது? ஒன்றுகூட அவள் காதுக்கு ஆகாது. கூரை பறந்து கழுதை மேல் விழுந்ததை மறுபடி சொன்னேன். சிரித்தாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை அம்மா. கொலை செய்தவள் மன்னிப்புக் கேட்பாள். நான் ஒரு வாய்ச் சோறு தின்ற பிள்ளை. ஈஸ்டர் அன்றே மன்னித்துவிட்டேன் என்கிறாய். அப்படியானால் ஈஸ்டருக்கு மறுநாள் ஏன் என்னைக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை? ஏழு வருஷம் பெரியம்மா வீட்டுப் பாத்திரம் தேய்த்தேன். தெருவில் லாரி நிற்கிற சத்தம் கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். பெரியம்மா, “இதோ வந்துட்டாடி ஒங்கம்மா, ஓடு ஓடு” என்று கேலி செய்வாள். அப்புறம் ஓடுவதை விட்டேன். ஆனால் காது மட்டும் அங்கேயே இருந்தது. தபால்காரர் வருகிற நேரத்தில் இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த மாதக் கடைசியில் வேறு ஊருக்குப் போகிறோம். விலாசம் எழுதப் போவதில்லை. ஜெஸுலாவுக்கும் தரமாட்டேன், ரெனோலுக்கும் தரமாட்டேன். கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் மட்டும் இல்லை. உன் கடிதத்துக்குக் காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு எட்டு வயதாகிவிடுகிறது. அந்த நேரத்தில் சபீனுக்கு அம்மா இல்லாமல் போகிறாள். அவளுக்கு ஏற்கெனவே பாதி அம்மாதான் மிஞ்சியிருக்கிறாள். அதையாவது கொடுக்க வேண்டும். அதுவும் போதுமா என்று தெரியவில்லை. நேற்றுகூட பையில் துணி எடுத்து வைத்திருந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கால் வீங்கினால் உப்பைக் குறை.

மிமோஸ்

*

லா ரோஷ்,
22 பிப்ரவரி 1998

என் மகள் மிமோஸுக்கு,

நவம்பரில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று எழுதினேன். இரண்டும் மேலே முத்திரை குத்தித் திரும்பி வந்துவிட்டன. அதில் என்ன எழுதினேன் என்பது இருக்கட்டும், நிறையக் கோபமாக எழுதியிருந்தேன். நீ படிக்காததே நல்லது. ஈஸ்டருக்கு மறுநாளைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதற்குத்தான் பதில் இல்லாமல் கோபப்பட்டேன்.

இந்த வருஷமும் ராஜாக்கள் திருநாளுக்குப் படையல் வைத்தேன். ரெனோல், ஜெஸுலா, தெருப் பிள்ளைகள் பதினொரு பேர். மர்லேனும் வந்திருந்தாள், அவளுக்கு அப்போது நாலு மாதம். எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. நான் இரட்டைக் கிண்ணத்தை எடுக்கவில்லை. ஒரு தட்டை எடுத்து, பானையின் முதல் கரண்டியை அதில் போட்டேன். சோறு, அவரை, வாழைக்காய். திண்ணையில்லாத இந்த வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலியின் மேல் வைத்தேன்.

ரெனோல் எழுந்துவிட்டான். “யாருக்கும்மா அது?”

“மிமோஸுக்கு.”

“எங்களுக்கு முன்னாடியா? அம்மா, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?”

“அவ மூத்தவடா. அவளுக்கு நான் ஒருநாளும் முதல்ல போட்டதில்ல.”

“என்னையும், எம்பொண்டாட்டியையும், வயித்துல இருக்கறதையும் வெச்சு சூதாடறியா நீ? அவளுக்காக?”

மர்லேனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. பிள்ளைகளும் பயந்து சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் அந்தத் தட்டை நானே உட்கார்ந்து தின்றேன். ஜெஸுலா மூலையில் அழுதுகொண்டே இருந்தாள்.

எனக்கு மட்டும் பயம் இல்லையா? இருந்தது மகளே. ஒவ்வொரு நாளும் பட்டறைப் பக்கம் போய், வேலிக்கு வெளியே நின்று ரெனோல் சுத்தியல் அடிக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்தேன். மர்லேன் தண்ணீர் எடுக்கப் போகிறாளா, நடை சரியாக இருக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்த்தேன். ஆறு வாரம் இப்படிப் பார்த்தேன். ஆறு வாரம் முடிந்து அதற்கு மேல் நாலு நாளும் முடிந்துவிட்டது.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒருவருக்குத் தும்மல்கூட இல்லை. நேற்று ரெனோலின் பாட்டுச் சத்தம் பட்டறைக்கு வெளியே கேட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்ற சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். அப்புறம் புரிந்தது. முதலில் உனக்குப் போட்டதால் ஒன்றும் இல்லையென்றால், அன்றைக்கு நீ தின்றதாலும் ஒன்றும் இல்லை. அப்படியானால் நான் ஒரு பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தேன், இன்னொரு பிள்ளையைச் சும்மாவே கொடுத்தேன்.

வில்னேர் இறந்தது உன்னால் இல்லை. நம்பித்தான் எழுதுகிறேன். சாமியார் சொல்லி எழுதவில்லை.

உன்னைப் பற்றிக் கவலையே இருந்ததில்லை என்று ஒருமுறை பெருமையாக எழுதினேன். அதைப் படித்துவிட்டு நீ எப்படி எனக்குப் பதில் எழுதினாய்? மற்ற மூன்று பேருக்கும் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உனக்கு என்ன பிடிக்கும் என்று நேற்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

உன் விலாசத்தை ஜெஸுலாவிடம் கெஞ்சிக் கேட்டேன். அவளுக்கும் தெரியாது. மொன்றியலிலிருந்து விடுமுறைக்கு வந்த இரண்டு பேரைப் பிடித்துக் கேட்டேன். ஃப்ரித்ஸின் தம்பி இருக்கிற பக்கமாக இருக்கலாம் என்றார் ஒருவர், அந்த ஊர்ப் பெயர் அவருக்கு வரவில்லை. அதனால் உறையின் மேல் பழைய விலாசத்தைத்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா
செலியானா